கணக்கு வரவில்லையா? வரவிடவில்லையா?

சென்ற ஆண்டு ஜூன் மாதம். முதலியார்பேட்டையில் நாம் கூடும் அலுவலகத்துக்கு ஒரு மாலை ஓர் அம்மா வந்தார். பாகூர்ப் பக்கத்து விவசாயக் கூலித் தொழிலாளி. கையில் மகளின் பள்ளிக் காகிதம். மகள் 10-ம் வகுப்பு தேறிவிட்டாள்; 11-ம் வகுப்பில் கணக்குப் பிரிவில் சேர ஆசைப்படுகிறாள். ஆனால் பள்ளியில் ஒருவர் தாயை அழைத்துப் புத்தி சொல்லியிருக்கிறார்: "ஒங்க பொண்ணுக்குக் கணக்கு ஏறாதும்மா. வீட்டுல சொல்லிக் குடுக்க யாரு இருக்கா? வேற குரூப் போடுங்க. கஷ்டப்படாம பாஸ் பண்ணிட்டுப் போவட்டும்."

அந்த அம்மா நம்மிடம் கேட்டார்: "கணக்கு ஏறாதுன்னா என்னா தோழரே? எனக்கு ஏறுதே! நாங்க 14 பேரு, 2 காணி 35 குழி நட்டோம். ஆளுக்கு எத்தினி குழின்னு மேஸ்திரி சொல்றதுக்கு முன்னால நான் சொல்லிட்டேன். பதினாறே முக்காலுக்குக் கொஞ்சம் மேல. அந்தக் கொஞ்சத்தையும் நான் வுடல."

பத்தாவது வரை படித்த நாம் காகிதம் எடுத்து வகுத்துப் பார்த்தோம். காணிக்கு 100 குழி; மொத்தம் 235 குழி; 14-ஆல் வகுத்தால் 16.78. அந்த அம்மா சொன்னது சரி. ஏட்டுப் படிப்பில்லாத தாய்க்கு ஏறிய கணக்கு, பத்தாவது தேறிய மகளுக்கு ஏறாதாம்! இதைச் சொன்னவர் கெட்டவரல்ல, பரிதாபப்பட்டே சொன்னார். அந்தப் பரிதாபத்தின் மீதுதான் நமக்குக் கோபம்.

யாருக்கு மூளை? யாருக்கு இல்லை?

"கணக்கு என்பது பிறவியில் வருவது, சில குடும்பங்களுக்கு வரும், சில குடும்பங்களுக்கு வராது" என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக உலவுகிறது. பேசுகிறவர் யார் என்று பாருங்கள். தன் பிள்ளைக்குக் காலையில் ஒரு டியூஷனும் மாலையில் ஒரு டியூஷனும் வைத்திருப்பவர்தான் "எல்லாம் மூளைதான் சார்" என்பார். மூளைதான் என்றால் டியூஷன் எதற்கு ஐயா?

மில் தோழர்களைக் கேட்கிறோம்: 40-ம் நம்பர் நூல் என்றால் என்ன? ஒரு சிட்டம் 840 கஜம். அப்படி 40 சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதாவது ஒரு பவுண்டில் 33,600 கஜம், 19 மைல் நீள நூல்! நம்பர் 80 ஆனால் நீளம் இரட்டிக்கும், நூல் மெலியும். ஒன்று ஏற ஒன்று இறங்கும் இந்த உறவுக்குத்தான் பாடப் புத்தகத்தில் சார்பு என்று பெயர் வைத்து, கோடு கிழித்து, படம் போட்டிருக்கிறார்கள். ரிங் பிரேம் அருகில் 30 வருஷம் நின்ற கைக்கு இது தெரியாதா?

வயலில் வேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். நம் புதுவையில் குழி என்றால் 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. சர்க்கார் பதிவேட்டில் அதுவே பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஹெக்டேர், ஆர் கணக்கில் கிடக்கிறது: ஒரு காணி சுமார் 53½ ஆர். இரண்டு அளவைகளுக்கு நடுவே ஏமாறாமல் வாழ்கிறவன் நம் விவசாயி. அவன் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று எந்த வாயால் சொல்வது?

இதனால் கூலி வேலை செய்தவர் எல்லோரும் நாளையே பரீட்சை எழுதித் தேறிவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. மனக்கணக்கு வேறு, 12-ம் வகுப்புக் கணிதம் வேறு. இடையில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. அந்தப் படிக்கட்டைக் கட்டிக் கொடுக்காமல் "உன்னால் ஏற முடியாது" என்று சொல்வது மோசடி என்றுதான் சொல்கிறோம்.

வாசலின் பாஷை மாறியது

மேல் படிப்புக்குப் போக எந்த நாட்டிலும் ஒரு வாசல் உண்டு. நம் ஊரில் அந்த வாசலின் சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

பிரெஞ்சு ஆட்சியில் அந்த வாசலுக்குப் பெயர் பிரெவே, அதற்கு மேல் பக்கலொரேயா. வாசலில் பேசிய பாஷை பிரெஞ்சு. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சென்னைச் சர்வகலாசாலையின் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு வந்தது. பள்ளி முடித்து, ஒரு வருஷம் அதில் படித்துத் தேறினால்தான் பட்டப் படிப்பு. புதுவையில் தாகூர் கலைக் கல்லூரி 1961-ல் உண்டானது. இப்போது வாசலில் ஆங்கிலம் நின்றது. கிராமத்தில் தமிழில் கணக்குப் படித்து வந்த பையன், முதல் மூன்று மாதம் வாத்தியார் என்ன சொல்கிறார் என்றே தெரியாமல் விழிப்பான். விழி பிதுங்கி முடிவதற்குள் பரீட்சை வந்துவிடும்!

1978-ல் தமிழ்நாட்டில் பி.யூ.சி. போய் மேல்நிலைப் பள்ளி வந்தது. 1980-ல் முதல் பிளஸ் டூ பரீட்சை நடந்தது. தமிழ்நாட்டுப் பாடத்தைப் பின்பற்றிய புதுவை, காரைக்கால் பிள்ளைகளுக்கு முதல் முறையாக ஒரு சௌகரியம் கிடைத்தது. வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், அணி, வெக்டர், நிகழ்தகவு எல்லாவற்றையும் தமிழிலே படித்துத் தமிழிலே எழுதலாம். எழுதினார்கள். தேறினார்கள். இன்ஜினீயர் ஆனார்கள். தமிழில் கணிதம் முடியுமா என்று இன்றும் வாய் பிளக்கும் கனவான்கள், தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் 12-ம் வகுப்புக் கணித நூலைப் புரட்டிப் பார்க்கட்டும்.

பிறகு வந்தது 2023. புதுவைச் சர்க்கார் பள்ளிகளில் 11-ம் வகுப்புக்கு மத்திய வாரியமான சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் கொண்டுவரப்பட்டது. 10-ம் வகுப்பு வரை ஒரு தண்டவாளத்தில் ஓடிய வண்டியை 11-ம் வகுப்பில் வேறொரு தண்டவாளத்துக்கு மாற்றினார்கள். அந்த வகுப்பு 2025-ல் முதல் முறையாக மத்திய வாரியத்தின் 12-ம் வகுப்புப் பரீட்சையை எழுதியது.

நம் தோழர்களிலேயே சிலர், "நல்லதுதானே? நம்ம பிள்ளைகளும் டில்லிப் பாடம் படிக்கட்டுமே" என்கிறார்கள். பாடத்தோடு நமக்குச் சண்டை இல்லை. என்.சி.இ.ஆர்.டி. கணிதப் புத்தகம் நல்ல புத்தகம்தான். மனப்பாடத்துக்கு அது இடம் கொடுக்காது. நம் சண்டை வேறு. அந்த வாரியத்தின் கணிதக் கேள்வித்தாளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கேள்வியும் இரண்டு பாஷையில் அச்சாகிறது. ஒன்று இந்தி, மற்றொன்று ஆங்கிலம். கான்பூர் மில் தொழிலாளியின் மகன் தன் தாய் பாஷையில் கேள்வியைப் படிக்கிறான். அதில் நமக்குச் சந்தோஷமே. அது அவன் உரிமை. ஆனால் முதலியார்பேட்டை மில் தொழிலாளியின் மகளுக்கு மட்டும் அந்த உரிமை ஏன் இல்லை?

"எல்லாப் பாஷையிலும் அச்சிட முடியுமா?" என்று கேட்பார்கள். முடியும்! இன்ஜினீயரிங் படிப்புக்கு அகில இந்திய அளவில் நடக்கும் ஜே.இ.இ. மெயின் பரீட்சை 2021 முதல் தமிழ் உட்பட 13 பாஷைகளில் நடக்கிறது. அதில் கணக்கும் உண்டு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? மனம் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

"அப்படியானால் உங்களுக்கு ஆங்கிலமே வேண்டாமா?" என்று அடுத்த அம்பு வரும். வேண்டும் ஐயா, நன்றாகவே வேண்டும்! ஆங்கிலத்தை ஆங்கில வகுப்பில் கற்றுக் கொடுங்கள். ஆனால் கணக்கு வகுப்பில், தெரியாத பாஷைக்குள் தெரியாத கணக்கை ஒளித்து வைத்துவிட்டு, கண்டுபிடிக்காத பிள்ளையை மக்கு என்று சொல்லாதீர்கள்.

80 மார்க்குக்குள் என்ன இருக்கிறது?

பயத்தைப் போக்க வழி, பயப்படும் பொருளைப் பிரித்துப் பார்ப்பது. மிஷினைக் கழற்றத் தெரிந்த தோழர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நாமும் கழற்றிப் பார்த்தோம்.

12-ம் வகுப்பு மத்திய வாரியக் கணிதம்: எழுத்துப் பரீட்சைக்கு 80, பள்ளி போடுவது 20. எழுதும் நேரம் 3 மணி; அதற்கு முன் கேள்வித்தாளைப் படிக்க 15 நிமிஷம். 80 மார்க்கும் ஆறு பங்காகப் பிரிகிறது. உறவுகளும் சார்புகளும் 8, இயற்கணிதம் 10, நுண்கணிதம் 35, வெக்டரும் முப்பரிமாண வடிவியலும் 14, நேரியல் திட்டமிடல் 5, நிகழ்தகவு 8.

35-ஐப் பாருங்கள் தோழர்களே! பரீட்சையில் பாதிக்குச் சற்றுக் குறைவு நுண்கணிதம் ஒன்றே. பெயரைக் கேட்டால் நடுங்குகிறார்கள். அதில் என்ன பூதம் இருக்கிறது? பஸ் டிரைவர் முன்னால் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று முள் காட்டும் வேகம். மற்றொன்று ஓடித் தீர்த்த கிலோமீட்டர். ஓடிய தூரம் எப்படி ஏறுகிறது என்று பார்த்து அந்தக் கணத்து வேகத்தைச் சொல்வது வகை நுண்கணிதம். கணத்துக்குக் கணம் மாறும் வேகத்தைக் கூட்டிக் கூட்டி ஓடிய தூரத்தைச் சொல்வது தொகை நுண்கணிதம். ஒன்று போகும் வழியில் மற்றொன்று திரும்பி வரும். சூத்திரங்கள் எல்லாம் இதற்கான கருவிகள். கருவியைக் கை பழக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கை பழகக் காலம் வேண்டும். அந்தக் காலம்தான் நம் பிள்ளைகளிடம் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறோம்.

நேரியல் திட்டமிடலுக்கு 5 மார்க். இது எங்கே பிறந்தது தெரியுமா? 1939-ல், சோவியத் லெனின்கிராடில். ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பிரச்னையோடு வந்தார்கள்: பல மிஷின்கள், பல ரக மரங்கள், எந்த மிஷினில் எந்த மரத்தைப் போட்டால் அதிகமான உற்பத்தி கிடைக்கும்? காந்தரோவிச் என்ற இளம் கணித மேதை அதற்கு ஒரு முறை கண்டார். அந்த வழியில் செய்த பணிக்காக 1975-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தொழிற்சாலைத் தளத்தில் பிறந்த கணக்கு, தொழிற்சாலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்நியமாம்!

இத்தனை தறி, இத்தனை மணி நேரம், இவ்வளவு நூல். எந்தத் துணியை எவ்வளவு நெய்தால் லாபம் அதிகம்? கட்டுப்பாடுகளை எழுதி, கோடு போட்டு, மூலைகளைச் சோதித்து விடை காண்பதுதான் பாடம். நம் ஊர் மில்களை மூடியவர்களும் இந்த மாதிரிக் கணக்குத்தான் போட்டார்கள். தொழிலாளியின் வயிற்றை மட்டும் அவர்கள் கட்டுப்பாடுகளில் சேர்க்கவில்லை!

இன்னொரு விஷயம். 80 மார்க்குக்கு 180 நிமிஷம்; ஒரு மார்க்குக்கு 2¼ நிமிஷம். 5 மார்க் கேள்விக்கு 11 நிமிஷத்துக்கு மேல் செலவிடலாகாது. இந்தப் பரீட்சையில் தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. வழிமுறைக்குப் படிப்படியாக மார்க் உண்டு. கடைசி விடை தவறிப் போனாலும் சரியான படிகளுக்கு மார்க் விழும். ஆகவே தெரிந்தவரை எழுது, வெறுமையாக விடாதே! மாதிரிக் கேள்வித்தாள்களையும் மார்க் போடும் முறையையும் வாரியமே ஒவ்வோர் ஆண்டும் இலவசமாக வெளியிடுகிறது. கோச்சிங் கம்பெனிகள் 'ரகசியம்' என்று விற்பதில் பெரும்பகுதி இதுதான்.

600 மணி நேரம் எங்கே?

இப்போது விஷயத்தின் வேருக்கு வருவோம். ஒரே வகுப்பில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி வீட்டுக்கு வந்ததும் பால் குடித்துவிட்டு, தனி அறையில், விளக்கடியில், மேஜை முன் அமர்கிறாள். டியூஷனும் சேர்த்து நாளைக்கு 4 மணி நேரம் அவளுக்குக் கணக்குக்கும் படிப்புக்கும் கிடைக்கிறது. மற்றவள் வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் பிடிக்கிறாள், தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், அம்மா வேலையிலிருந்து திரும்புமுன் உலை வைக்கிறாள். ஒன்பதரை மணிக்கு, எல்லோரும் படுத்த ஒற்றை அறையில், ஒரு மூலையில் அவளுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சுகிறது.

200 நாள் கணக்குப் போடுங்கள். அவளுக்கு 800 மணி. இவளுக்கு 200 மணி. வித்தியாசம் 600 மணி நேரம்! பரீட்சை முடிவு வந்ததும் இந்த 600 மணியை யாரும் பார்ப்பதில்லை. "அவள் கெட்டிக்காரி, இவளுக்குக் கணக்கு ஏறவில்லை" என்று எழுதி மூடிவிடுகிறார்கள். திருடப்பட்டது நேரம்; பழி விழுந்தது மூளை மேல்!

நேரத்தின் விலை புதுவைத் தொழிலாளிக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. 1936 ஜூலை 30-ல் சவானா மில்லில் பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கி 12 தொழிலாளிகளைப் பலி வாங்கியது. எதற்காக நடந்தது அந்தப் போராட்டம்? கூலிக்காக, சங்கம் வைக்கும் உரிமைக்காக, 8 மணி நேர வேலைக்காக. 1937-ல் 8 மணி நேரம் சட்டமாயிற்று. நாளில் 24 மணி நேரமும் முதலாளிக்குச் சொந்தமல்ல, தொழிலாளிக்கென்று ஒரு பங்கு உண்டு என்பதை ரத்தம் கொடுத்து எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர். அந்தத் தொழிலாளியின் கொள்ளுப் பேத்திக்குப் படிக்க ஒரு நாளைக்கு 3 மணி நேரம் வேண்டும் என்று கேட்பது அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியே.

ரோடியர் என்று நாம் அழைத்த ஆங்கிலோ-பிரெஞ்சு மில், சவானா என்ற சுதேசி மில், கபேலே என்ற பாரதி மில் எல்லாம் 2020-ல் மூடப்பட்டன. தகப்பனுக்கு நிரந்தர வேலை போயிற்று. செக்யூரிட்டி வேலை, கட்டட வேலை என்று அலைகிறான். தாய் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். வீட்டு வேலையின் சுமை முழுவதும் பெண் பிள்ளையின் தலையில். மில்லை மூடியவர்கள் அவளுடைய கணக்கு நோட்டையும் சேர்த்துத்தான் மூடினார்கள்.

ராமானுஜனைக் காட்டி வாயடைக்காதீர்!

இவ்வளவு சொன்னால், "ராமானுஜன் ஏழை வீட்டில் பிறந்து மேதையாகவில்லையா?" என்று ஒரு கேள்வியை எடுத்து வீசுவார்கள்.

அந்தக் கதையை முழுவதும் சொல்லுங்கள் ஐயா! அந்தக் காலத்தில் கல்லூரி வாசலாக இருந்தது எப்.ஏ. பரீட்சை, பிற்கால பி.யூ.சி.யின் பாட்டன். கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜன் உதவித் தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். 1906-லும் 1907-லும் எப்.ஏ. பரீட்சையில் தோற்றார். கணக்கில் அல்ல, மற்ற பாடங்களில்! காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போட்டவர் அவர். உலகம் வியந்த மூளையையே இரண்டு முறை வெளியே தள்ளிய வாசல் அது. அவரைப் போல வெளியே தள்ளப்பட்டு, பிறகு யாராலும் கண்டெடுக்கப்படாமல் போனவர்கள் எத்தனை பேர்? தப்பிப் பிழைத்த ஒருவரைக் காட்டி, மூழ்கிப் போனவர்களை மறைப்பது நியாயமா?

வடிகட்டும் வேலை இப்போது இன்னும் சீக்கிரம் தொடங்குகிறது. மத்திய வாரியம் 2020 முதல் 10-ம் வகுப்புக் கணக்கையே 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என்று இரண்டாகப் பிரித்தது. மேற்கொண்டு கணக்குப் படிக்க விரும்பாதவர்களுக்காகப் பேசிக் என்றார்கள். 15 வயதுப் பிள்ளையின் விருப்பம் எங்கிருந்து பிறக்கிறது? "உனக்கு ஏறாது" என்று ஐந்து வருஷம் கேட்ட காதிலிருந்து பிறக்கிறது! பேசிக் எடுத்தவர் பிறகு 11-ம் வகுப்பில் முழுக் கணிதத்துக்கு வருவதற்கும் விதி குறுக்கே நின்றது. பிறகு சலுகை, தளர்வு என்று அதைத் திருத்தினார்கள். கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறப்பதற்குப் பெயர் சலுகை!

தபாலில் போன கணக்கு

வேறு விதமாகச் செய்ய முடியுமா? செய்து காட்டியிருக்கிறார்கள். 1964-ல் மாஸ்கோவில் கெல்பாண்ட் என்ற உலகப் புகழ் பெற்ற கணித மேதை ஒரு தபால் பள்ளியை ஆரம்பித்தார். நல்ல ஆசிரியரும் கணித வட்டமும் பெரிய நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு? கணக்குகள் தபாலில் போயின. பிள்ளைகள் போட்டு அனுப்பினார்கள். சர்வகலாசாலை மாணவர்கள் திருத்தி, எங்கே தவறு என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். பெரிய கட்டடம் இல்லை, கட்டணக் கொள்ளை இல்லை. மேலே ஏறியவர்கள் கீழே இருப்பவர்களுக்குக் கை நீட்டினார்கள், அவ்வளவே. அந்த நாட்டு மீர் பதிப்பகத்தின் கணித நூல்களை நம் ஊர்களில் மலிவு விலைக்குக் கொண்டுவந்து தந்தது நியூ செஞ்சுரி புத்தக நிலையம். பழைய தோழர்கள் வீட்டு அலமாரியில் இன்றும் அவை இருக்கும்; தூசி தட்டி எடுங்கள்.

நாமும் ஒரு சிறு முயற்சி செய்தோம். பாகூர் அம்மாவின் மகள் கணக்குப் பிரிவிலேயே சேர்ந்தாள். அவளோடு இன்னும் ஆறு பிள்ளைகள். வாரத்தில் மூன்று மாலை, நம் அலுவலகத்தின் பின் அறையில், பணி ஓய்வு பெற்ற ஓர் உபாத்தியாயரும் கல்லூரியில் கணிதம் படிக்கும் இரண்டு வாலிபர்களும் சொல்லிக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டுத் தமிழ்ப் புத்தகத்தை ஒரு கையிலும் ஆங்கிலப் புத்தகத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு, முதலில் தமிழில் புரிந்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பழகுகிறார்கள். 80 மார்க்குக்கு நடத்திய முதல் சோதனையில் அந்தப் பெண் வாங்கியது 13. சென்ற மாதம் 41. 41 ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் 13-க்கும் 41-க்கும் நடுவில் அவள் மூளை மாறவில்லை. அவளுக்குக் கிடைத்த மணி நேரம் மாறியது!

நம் முதுகையும் பார்ப்போம்

சர்க்காரை மட்டும் குறை சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பையனை சமையல் கூலிக்கு அனுப்பியவர்கள் நம்மில் உண்டு. "பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு எதுக்கு?" என்று கேட்ட தோழரும் உண்டு. இரவு பத்து மணி வரை நாம் கட்டிய ஒலிபெருக்கி, எந்தப் பிள்ளையின் படிப்பைக் கெடுத்தது என்று நாம் நினைத்துப் பார்த்ததில்லை. கோயில் திருவிழாக் குழாயை மட்டும் குற்றம் சொன்னோம்.

படிப்பில்லாத நாம் என்ன செய்ய முடியும் என்று வெட்கப்படவும் வேண்டாம். கார்ல் மார்க்ஸ் தம் கடைசி ஆண்டுகளில், உடல் நலிந்த நிலையில், வகை நுண்கணிதம் பற்றி நோட்டு நோட்டாக எழுதினார். அந்தக் குறிப்புகள் 1968-ல் மாஸ்கோவில் முழு நூலாக வெளிவந்தன. கற்பதற்கு வயது இல்லை. கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாவிட்டாலும், பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்து 3 மணி நேரச் சோதனையை நடத்த நம்மால் முடியும். தண்ணீர்க் குடத்தை நாம் தூக்கினால் அவளுக்கு அரை மணி மிஞ்சும்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: 12-ம் வகுப்புக் கணிதக் கேள்வித்தாள் இந்தி, ஆங்கிலத்தோடு தமிழிலும் வேண்டும். தமிழில் விடை எழுதவும் உரிமை வேண்டும்.

இரண்டு: பாடத்திட்டம் மாறிய பள்ளிகளில் 11-ம் வகுப்பின் ஆரம்பத்திலேயே இரண்டு மாத இணைப்பு வகுப்பு நடத்த வேண்டும். எந்த மேல்நிலைப் பள்ளியிலும் கணித ஆசிரியர் இடம் ஒரு நாளும் காலியாகக் கிடக்கக் கூடாது.

மூன்று: ஒவ்வொரு சர்க்கார் மேல்நிலைப் பள்ளியிலும் மாலை 8 மணி வரை விளக்கு, சுண்டல், ஆசிரியர் மூன்றும் உள்ள படிப்பறை வேண்டும். பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர் கிராமங்களுக்குத் திரும்பிப் போகப் பெண் பிள்ளைகளுக்கு பஸ் வேண்டும்.

நான்கு: மூடிக் கிடக்கும் மில் வளாகங்களில் முதலில் வேலை வேண்டும், தொழிலாளியின் பாக்கி வேண்டும். அதோடு, அந்தச் சுவர்களுக்குள் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று ஒரு படிப்பகமும் நூலகமும் வேண்டும்.

இவை கிடைக்கும் வரை கை கட்டி நிற்பதா? இல்லை. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒரு பின் அறை இருக்கிறது. மாலையில் அங்கே சீட்டாட்டத்துக்குப் பதில் ஒரு கரும்பலகை நிற்கட்டும். படித்து முன்னேறிய தொழிலாளர் பிள்ளைகள் வாரத்தில் ஒரு மாலை கொடுக்கட்டும்.

வரும் பிப்ரவரியில் அந்தப் பாகூர்ப் பெண் பரீட்சை மண்டபத்துக்குப் போவாள். 15 நிமிஷம் கேள்வித்தாளைப் படிப்பாள். அதில் இந்தி இருக்கும், ஆங்கிலம் இருக்கும், அவள் பாஷை இருக்காது. எழுதுவாள். தேறுவாளா, எவ்வளவு வாங்குவாள் என்று ஜோசியம் சொல்ல நாம் தயாரில்லை. ஒன்று மட்டும் சொல்கிறோம்: அவள் கையில் இருக்கும் பேனாவைப் பார்த்து "உனக்கு ஏறாது" என்று சொல்லும் உரிமை இனி எவனுக்கும் கிடையாது.

அவளுடைய தாய் பதினாறே முக்காலுக்கு மேல் இருந்த அந்தக் கொஞ்சத்தைக்கூட விடவில்லை. நாம் 600 மணி நேரத்தை விட்டுவிடுவதா?